பெட்டிக்குள் வேகும் மாவு

வல்லம் வடகால் சிப்காட் சாலையில் ஷிஃப்ட் மாறும் நேரம். பேருந்துகளில் ஆட்கள் வருகிறார்கள். லாரிகளில் பெட்டிகள் போகின்றன. ஆட்கள் வருவது செய்தியாகிறது. 2017இல் ராயல் என்ஃபீல்டு ஆலை ஓடத் தொடங்கியதை எழுதினார்கள். 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறந்ததையும் எழுதினார்கள். பழுப்பு அட்டைப்பெட்டியை யாரும் எழுதுவதில்லை. ஒரகடத்திலிருந்தும் சுங்குவார்சத்திரத்திலிருந்தும் துறைமுகத்துக்குப் போகும் சரக்கில் ஒரு பங்கு அதற்குள்தான் பத்திரமாகப் போகிறது. அந்தப் பெட்டியைப் பிடித்து நிறுத்துவது மாவு. கிழங்கிலோ மக்காச்சோளத்திலோ எடுத்த சாப்பாட்டு மாவு.

*

அட்டை ஒட்டும் இயந்திரத்துக்குப் போகும் பசையைச் செய்யும் முறையை நினைக்க நினைக்க மனம் அடங்குகிறது. கொஞ்சம் ஸ்டார்ச்சைக் காஸ்டிக் சோடா சேர்த்த தண்ணீரில் வேகவைத்துக் கூழாக்குகிறார்கள். மீதி ஸ்டார்ச், அதுதான் அதிகம், வேகாமல் பச்சையாகவே அந்தக் கூழில் மிதக்கிறது. சிறிது வெங்காரமும் சேர்கிறது. பிசுபிசுப்பு அதனால் கூடும். நெளிந்த தாளின் முகடுகளில் இந்தப் பசை மெல்லிய கோடாகப் படிகிறது. மேலே லைனர் என்னும் தட்டைத் தாள் வந்து அழுந்துகிறது. சூடு ஏறுகிறது. சுமார் 60 டிகிரியில், இரண்டு தாள்களுக்கும் நடுவே, அந்தப் பச்சை மாவு வேகிறது. மணிகள் சுற்றியுள்ள தண்ணீரைக் குடித்து உப்பிப் பிசினாகின்றன. தாள்கள் ஒட்டிக்கொள்கின்றன.

முழுவதையும் முன்னமே வேகவைத்திருந்தால் பசை கெட்டிப்பட்டுவிடும், உருளையில் ஏறாது. அதனால் வெந்த பங்குக்குச் சுமக்கும் வேலை, வேகாத பங்குக்கு ஒட்டும் வேலை. 1930களில் அமெரிக்காவின் ஸ்டெய்ன் ஹால் நிறுவனத்தில் உருவான முறை இது. அதற்குமுன் சோடியம் சிலிகேட்டால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொருள் எந்த இடத்தில் வேக வேண்டுமோ அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்வரை அதை வேகவிடாமல் வைத்திருப்பது பெரிய யோசனை என்றே எனக்குப் படுகிறது.

*

பசையில் மட்டும் அல்ல, தாளுக்குள்ளேயே மாவு இருக்கிறது. ஒரு துளி அயோடினை அட்டைமேல் விட்டால் பெரும்பாலும் கருநீலம் ஏறும்.

மரத்தின் செல்லுலோஸும் கிழங்கின் மாவும் ஒரே குளுக்கோஸால் ஆனவை. கோத்திருக்கும் விதம்தான் வேறு. அந்த ஒரு வேறுபாட்டால் ஒன்று மரமாக நிற்கிறது, மற்றொன்று சோறாகிறது. காகித ஆலையில் இரண்டும் மறுபடி சேர்கின்றன. கூழில் மிதக்கும் இழைகளுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. அதனால் ஸ்டார்ச்சுக்கு நேர்மின்னேற்றம் கொடுத்துச் சேர்க்கிறார்கள். அது இழையைத் தேடிப் போய் ஒட்டும். நுண்ணிழைகளையும் சுண்ணாம்புத் தூளையும் தண்ணீரோடு போகவிடாமல் பிடித்துவைக்கும். பிறகு பாதி காய்ந்த தாளின்மேல் இன்னொரு முறை, சற்றே நீர்த்த ஸ்டார்ச்சை உருளை வழியாக ஏற்றுகிறார்கள். தும்பைப்பூ வேட்டிக்குக் கஞ்சி போடுவதுபோலத்தான். தாள் விறைத்து நிற்கும். எழுதும் தாளானால் மை பரவாது.

கரூர் காகிதபுரத்தில் 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சக்கையின் இழை குட்டை. குட்டை இழையை நம்பும் நாட்டுக்கு மாவின் துணை அதிகம் வேண்டியிருக்கிறது.

*

பழைய வழக்கம்தான் இது. அரபு நாட்டுக் கைக்காகிதங்களில் கோதுமை மாவு பூசியிருந்ததை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னாவின் ஜூலியஸ் வீஸ்னர் நுண்ணோக்கியில் கண்டார். நம் நாட்டுக் காகிதக்காரர்களும் கஞ்சி பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். அந்தக் கஞ்சிக்காகத்தான் இராமபாணப் பூச்சி புத்தகத்தைத் தேடி வருகிறது. மாவு எப்போதும் உணவாகவே இருக்கிறது. நாம்தான் அதை மறந்துவிடுகிறோம்.

*

ஐப்பசி, கார்த்திகை. ஏரிகள் நிரம்பும் காலம். காற்றில் ஈரம் ஏற ஏற அட்டை இளகுகிறது. ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் பெட்டி தன் தாங்குவலுவில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். அடுக்கில் அடியில் இருப்பதுதான் முதலில் நசுங்கும்.

நசுங்கியது பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து கிராஃப்ட் காகித ஆலைக்குப் போகிறது. மறுபடி கூழாகும்போது உள்ளிருந்த மாவு தண்ணீரில் கரைந்துவிடுகிறது. பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலமாக்குகின்றன. ஆலைக் கழிவுநீரில் வரும் புளித்த வாடைக்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு சுற்றிலும் இழை காய்ந்து விறைத்து வலுவிழக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் புது மாவு போட்டே அதை நிமிர்த்துகிறார்கள். மரத்தை மறுசுழற்சி செய்கிறோம் என்று பெருமைப்படும்போது, அதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு வயல் புதிதாக விளைய வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*

அந்த வயல் எங்கே? மக்காச்சோளத்தின் வழி நீளமானது. மரவள்ளியின் வழி பக்கம்: சேலம், நாமக்கல், தர்மபுரி. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்று வெளிநாட்டு மாவு வராமல் போன 1940களில் சேலத்தில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் தொழில் முளைத்தது. ஆலைக்காரர்களின் கூட்டுறவான சேகோசர்வ் 1981இல் பதிவானது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜவ்வரிசிக்குப் பெயர் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பெட்டிக்குள் போகும் ஸ்டார்ச்சுக்கு ஊர்ப்பெயர் கிடையாது.

2020இல் புதிய மாவுப்பூச்சி ஒன்று கேரளத்தில் தென்பட்டது. சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளிலும் பரவிக் குருத்தைச் சுருட்டியது. மருந்து அடித்துப் பார்த்தார்கள், சரியாகக் கட்டுப்படவில்லை. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி 1980களில் அடக்கியிருந்தது. அந்தக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். எறும்பைவிடச் சிறிய உயிர். ஒரு காட்டையும் அதன் பின்னே ஒரு தொழிலையும் காக்கும் பொறுப்பு அதன்மேல் ஏறியது.

*

மரவள்ளி பூமியில் ஏறக்குறைய பத்து மாதம் கிடக்கிறது. ஆலை வாசலுக்கு வந்ததும் அதற்கு விலை வைப்பது எடையை மட்டும் பார்த்து அல்ல; கிழங்கில் எவ்வளவு மாவு என்று ‘பாயிண்ட்’ போட்டு அதன்படி பணம் தருகிறார்கள். ஒரு பாயிண்ட் குறைந்தால் டன்னுக்கு நூற்றுக்கணக்கான ரூபாய் குறையும். மழை பெய்து கிழங்கில் நீர் ஏறினாலும், பூச்சி தாக்கினாலும், பாயிண்ட் இறங்கும். அளப்பது வாங்குகிறவர். விற்பவர் கேட்டுக்கொள்கிறார்.

ஒரகடம், சுங்குவார்சத்திரம் தடத்தில் ஒரு பெட்டியின் வலுவைக் கிலோகிராமில் சோதித்து, கருவியைத் தவறாமல் சரிபார்த்து, சான்றிதழ் ஒட்டி அனுப்புகிறார்கள். அதே கவனம் கிழங்கு அளக்கும் இடத்திலும் வேண்டும். முத்திரையிட்ட பொதுக்கருவியில், விவசாயி பக்கத்தில் நின்று பார்க்க, பாயிண்ட் போட வேண்டும். சேகோசர்வும் அரசும் ஆலைகளும் சேர்ந்தால் செய்யக்கூடிய காரியம் இது. செய்யுங்கள்.