டோக்கன் வாங்கினால் வீடு சொந்தமா?



துபாயில் வேலை செய்யும் நம் மஹல்லாத் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "ஹஜ்ரத், இங்கே 2,000 திர்ஹம் இருந்தால் ஒரு ஃபிளாட்டில் பங்கு வாங்கலாம். டோக்கன் என்கிறார்கள். வாடகையும் வருமாம். ஹலாலா?" என்று கேட்டார்.

கட்டடத்தின் மதிப்பைச் சிறு பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பிளாக்செயின் என்ற கணினிப் பேரேட்டில் பதிகிறார்கள். அந்தப் பதிவுதான் டோக்கன். துபாய் நிலத்துறையே 2025-ல் இதைச் சோதனை முறையில் தொடங்கியது. பிட்காயினோடு இதைக் குழப்ப வேண்டாம். அது வேறு பேச்சு.

கூட்டுச் சொத்து நமக்குப் புதிதல்ல. வாப்பா விட்டுப்போன வீடு, பாகம் பிரிக்கும்வரை பிள்ளைகளுக்குப் பொதுவாகத்தானே இருக்கிறது? ஃபிக்ஹில் அதை 'முஷாஃ' என்போம். எழுதி வைப்பதும் புதிதல்ல. குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதிச் சாட்சி வைப்பது பற்றியது. கணினியில் எழுதியதால் மட்டும் ஒன்று ஹராமாகிவிடாது.

ஆனால் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தைப் பாருங்கள். அங்கே ஒரு நிறுவனம் வாடகை வீடுகளை டோக்கனாக்கி உலகெங்கும் விற்றது. வாங்கியவர் கையில் வந்தது வீடல்ல, வீட்டை வைத்திருக்கும் கம்பெனியில் ஒரு பங்கு. 400-க்கும் மேற்பட்ட வீடுகள் சரியான பராமரிப்பின்றிக் கிடக்கின்றன என்று 2025 ஜூலையில் நகர நிர்வாகமே வழக்குப் போட்டது. தீர்ப்பு எதுவாகவும் இருக்கட்டும். கூரை ஒழுகினால் அங்கே குடியிருக்கும் ஒரு தாய் யார் கதவைத் தட்டுவாள்? பங்குக்காரர் வேறு நாட்டில் இருக்கிறார். வாடகை அவரைத் தேடிப் போகிறது, ஒழுகல் போவதில்லை.

ஒரு பொருளின் நஷ்டத்தைச் சுமப்பவருக்கே அதன் வருமானம் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நெறி. தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களைத் தடுத்ததும் நமக்குத் தெரியும்.

அதனால் தம்பியிடம் கேட்டேன்: பத்திரம் யார் பெயரில்? கம்பெனி மூழ்கினால் உங்கள் பங்கு நிலப் பதிவேட்டில் நிற்குமா? வீடு காலியாகக் கிடந்தால் வருமானம் நிற்குமா, இல்லை மாதம் இவ்வளவு என்று உறுதி கொடுத்திருக்கிறார்களா? வாடகை வந்தாலும் வராவிட்டாலும் போட்ட பணத்துக்கு இவ்வளவு என்றால் அது வட்டிதான், பெயர் எதுவானாலும்.

ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் நாற்பது பக்கமாம். சட்டம் தெரிந்த ஒரு சகோதரரோடு இன்று இஷாவுக்குப் பிறகு உட்காருகிறோம். உங்களிடமும் இப்படிக் காகிதம் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கொண்டு வாருங்கள்.