இதயம் மாறிய வண்டி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் அரிதாயிற்று. அந்நாளில் மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கலன்களைச் செய்து, வண்டிகள் ஓட வழி கண்டது. ‘கரி பஸ்’ என்று பெரியவர்கள் நினைவுகூர்வது இதனையே. வண்டி உண்ட உணவு மாறியதேயன்றி எஞ்சின் மாறவில்லை. இன்றோ எஞ்சினையே எடுத்தெறிந்துவிட்டு, பழைய காரை மின்சாரத்தில் ஓட்டும் முயற்சிகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. அவ்வாறு மாற்றப்பட்ட பின் அது அதே கார்தானா? வீண் வினாவாகத் தோன்றும் இதனுள் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய சில செய்திகள் உள.

நம் ஊர்களில் இவ்வினாவிற்கு முதலில் இலக்காவது அம்பாசிடர் கார்தான். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை செய்த அந்த வண்டி, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழித்தோன்றல். அதைச் செய்தவர்களே முதலில் பெட்ரோல் எஞ்சினையும், பிறகு டீசல் எஞ்சினையும், 1990களில் ஜப்பானிய இசுசு எஞ்சினையும் அதனுள் வைத்தனர். ஆயினும் மேலூர்ச் சாலையில் அது வந்தபோது, எந்த எஞ்சின் என்று கேளாமலே அம்பாசிடர் என்று அறிந்தோம்.

மாற்றும் வேலை எளிதன்று. எஞ்சின், ரேடியேட்டர், பெட்ரோல் தொட்டி, புகைக்குழாய் யாவும் கழற்றப்படும். கடைசல் பட்டறையில் செய்த இணைப்புத் தகட்டின் வழியாக மின்மோட்டார் பழைய கியர் பெட்டியோடு பூட்டப்படும். விபத்தில் நொறுங்கிய புதிய மின்காரிலிருந்து பெரும்பாலும் பேட்டரியும் மோட்டாரும் எடுக்கப்படுகின்றன. பேட்டரியின் பாரத்திற்கேற்ப வில்தட்டுகளையும் பிரேக்கையும் வலுப்படுத்த வேண்டும். அதன் மின்னழுத்தம் சில நூறு வோல்ட். அறியாதவன் கை வைத்தால் உயிர் போகும்.

இவ்வாறு உதவும் வண்டியை ஆங்கிலத்தில் கொடையாளி என்றே குறிப்பிடுகின்றனர். நமக்கு இச்சொல் உறுத்துகிறது. கொடை என்பது மனம் உவந்து அளிப்பது. நொறுங்கிய வண்டி எதையும் அளிப்பதில்லை; நாம் எடுத்துக்கொள்கிறோம். அதனுள் இருந்தவர் பிழைத்தாரோ என்றுகூட நாம் கேட்பதில்லை.

சட்டமும் இதில் ஒரு கருத்துக் கூறியிருக்கிறது. 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, அடிச்சட்டத்திலும் மேற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் பெறாத வண்டிக்கே தொன்மை வாகனம் என்ற பதிவு உண்டு என்று 2021இல் நடுவண் அரசு விதித்தது. மின்மயமான பழைய காரை வரலாற்று வாகனமாகக் கொள்வதற்கில்லை என்று பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பு 2019இல் கூறியது. மாற்றினால் மீளத் திருப்பக்கூடியதாக மாற்றுங்கள், கழற்றிய உறுப்புகளை அடையாளமிட்டுப் பாதுகாத்து வையுங்கள் என்றும் அறிவுறுத்தியது.

குருமடத்தில் படித்த பாடம் ஒன்று இங்கு துணைக்கு வருகிறது. புனித தோமா அக்குவினார் உடலின் உயிர்ப்பைப் பற்றி வாதிடுகையில், இடையறாது எரியும் நெருப்பில் விறகு தீரத் தீர வேறு விறகு இடப்பட்டாலும் அது ஒரே நெருப்பு என்கிறார். விறகு மாறலாம், எரிதல் அறுபடலாகாது. திருவாரூர் ஆழித்தேரையும் எண்ணிப் பாருங்கள். 1926இல் அது எரிந்து போயிற்று, மீண்டும் செய்யப்பட்டது. பின்னாளில் திருச்சி பெல் ஆலையின் ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்ந்தது. ஆயினும் ஊர் அதனை ஆழித்தேர் என்றே வடம்பிடிக்கிறது. அங்கே அறுபடாதது மரமன்று, மக்களின் இழுப்பு.

ஆனால், காரை ஊர் இழுப்பதில்லை. ஒரு குடும்பத்தை எண்ணுவோம். தந்தை வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடரை மகன் மின்வண்டியாக்க விரும்புகிறான்; புகையில்லை, செலவு குறைவு, வண்டியும் கொட்டகையில் துருப்பிடிக்காது. தாயோ தெருமுனையில் அந்த எஞ்சின் ஓசை கேட்டு உலை வைத்தவள். மகனுக்கு வண்டி பிழைக்கிறது. தாய்க்கு அதன் குரல் போகிறது. இருவரில் எவரையும் பேதை என்று நாம் சொல்லத் துணியோம். (மறையுரையில் இப்படி விடை கூறாது நிறுத்தினால் நம் மக்கள் பொறுப்பதில்லை.)

எனினும் நம் கருத்தைச் சொல்லிவிடுவோம். எஞ்சின் இன்னும் ஓடுமாயின், அந்தக் காரைத் தொட வேண்டாம். எஞ்சின் முற்றும் தேய்ந்து, வண்டி பழைய இரும்புக் கடைக்கே போகவிருந்தால், மாற்றுவதில் குற்றமில்லை. மாற்றியதை முறையான ஒப்புதலுடன் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பிறகு விற்கும்போது வாங்குபவரிடம் மறைப்பது பொய்.

கழற்றிய எஞ்சினின் கதியும் உண்டு. ஆங்கில அறிஞர் ஹாப்ஸ், ஒரு கப்பலிலிருந்து நீக்கிய பழம்பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து மீண்டும் கப்பலாக்கினால் எது பழைய கப்பல் என்று கேட்டார். அந்தத் தேய்ந்த எஞ்சினைத் திருமங்கலத்து மெக்கானிக் ஒருவர் துளை கடைந்து, புதுப் பிஸ்டன் இட்டு, மற்றோர் அம்பாசிடரில் ஏற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாலையில் அது அந்தத் தெருமுனையில் திரும்பினால், அடுப்பருகே இருக்கும் தாய் எழுந்து வாசலுக்கு வருவாள்; அவள் வீட்டுக் காரோ ஓசையின்றி ஏற்கெனவே வாசலில் நின்றிருக்கும்.