தாமதமும் ஓர் அபகரிப்பா?

பிறர் பொருளைக் கவர்வது திருட்டு. இதில் எவருக்கும் ஐயமில்லை. பிறர் பொருளைத் தானும் எடுக்காமல், உரியவருக்கும் கொடுக்காமல் காலங்கடத்துவது எவ்வகைச் செயல்? கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. ஆயினும் அது சேரவேண்டிய இடத்தைச் சேரவில்லை. நைஜீரியாவின் தென்கோடியில் உள்ள ஒகோனி மண்ணின் கதை இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்புகிறது.

நைஜர் நதியின் கழிமுகப் பகுதியில், மீனையும் கிழங்கையும் நம்பி வாழ்பவர்கள் ஒகோனி மக்கள். 1950-களின் இறுதியில் அங்கு எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். குழாய்களிலிருந்து பல்லாண்டுகள் கசிந்த எண்ணெய், வயலையும் ஓடையையும் பாழாக்கியது. எண்ணெய் திருடுவோர் இட்ட துளைகளும் அதில் பங்கு பெற்றன. 2011 ஆகஸ்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு தன் ஆய்வறிக்கையை அளித்தது. அப்பகுதி சீராக 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும். முதல் ஐந்தாண்டுகளுக்கு மட்டும் 100 கோடி டாலர் தேவை என்று அது கூறியது. ஓகலே என்ற ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில், புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைவிட 900 மடங்குக்கும் மேல் இருந்தது. அவர்களுக்கு உடனடியாக நல்ல தண்ணீர் தரவேண்டும் என்று அறிக்கை வற்புறுத்தியது.

அரசு 2012-இல் இதற்கென ஓர் அமைப்பை நிறுவியது, வேலை நகரவில்லை. 2016 ஜூனில் மீண்டும் ஒரு தொடக்க விழா நடந்தது. 2018-இல் எண்ணெய் நிறுவனங்களின் பங்காக 18 கோடி டாலர் வந்து சேர்ந்திருந்தது. மண்ணைச் சுத்தம் செய்யும் பணி 2019-இல்தான் ஆரம்பமாயிற்று. 2020-இல் தன்னார்வ அமைப்புகள் சில ஆராய்ந்து பார்த்தபோது, மாசடைந்த இடங்களில் 11 சதவீதத்தில் மட்டுமே வேலை தொடங்கியிருந்தது. ஓரிடமும் முழுமையாகத் தூய்மை பெறவில்லை. பின்னர் சில ஊர்களுக்குக் குடிநீர் வந்தது, அலையாத்திக் கன்றுகள் நடப்பட்டன என்பதையும் சொல்வதே நியாயம்.

அதிகாரிகளின் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. பெருந்தொகையை அவசரமாக இறைத்தால் அது தகாதவர் கைக்குப் போகும். ஒப்பந்தம், தணிக்கை, அனுமதி இவையெல்லாம் பொதுப்பணத்தைக் காக்கும் வேலிகள். இது வெறும் சாக்கு அல்ல. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி எண்ணெயைக் கொட்டியது. 1991-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட 90 கோடி டாலர் இழப்பீட்டைக் கையாண்ட அறங்காவலர் குழு, ஒரு பகுதியைப் பிற்காலத்துக்கென ஒதுக்கி வைத்தது. 1993-இல் ஹெர்ரிங் மீன்வளம் சரிந்து, நெடுங்காலம் மீளவே இல்லை. அந்நிலையில் சேமிப்பில் பணம் இருந்தது நல்லதாயிற்று. அங்கே காத்திருப்பது ஒரு முடிவாக, காரணத்தோடு வெளிப்படையாக எடுக்கப்பட்டது. ஒகோனியில் அப்படி எவரும் முடிவு செய்யவில்லை; வருடங்கள் தாமாகவே போயின.

நம் தர்ம சாஸ்திரங்கள் வழக்குகளைப் பதினெட்டாகப் பகுத்து, கடனுக்கு அடுத்தபடியாக நிக்ஷேபத்தை, அதாவது நம்பி ஒப்படைத்த பொருளை, வைக்கின்றன. இழப்பீட்டு நிதியும் அத்தகையதே. ஆனால் அதைக் கையில் வைத்திருப்பவர் மனத்தில் மெல்ல ஒரு மாற்றம் நிகழ்கிறது: தாம் தானம் செய்யப்போவதாக அவர் எண்ணத் தொடங்குகிறார். தானம் செய்பவனுக்கு நாள் பார்க்க உரிமை உண்டு. பிறர் பொருளைக் காப்பவனுக்கு அந்த உரிமை ஏது?

வங்கியில் கிடக்கும் பணம் கெடுவதில்லை. வட்டியோடு வளரவும் கூடும். மண்ணில் ஊறிய எண்ணெயோ மழைதோறும் ஆழத்துக்கு இறங்கி நிலத்தடி நீரைத் தொடுகிறது. இன்று ஒரு முழம் மண்ணை அகற்றினால் போதும் என்ற இடத்தில், சில ஆண்டுகள் கழித்து நீரையே சுத்திகரிக்க வேண்டியிருக்கும். ஆகவே முழுத்தொகையையும் பின்னொரு நாள் கொடுத்தாலும் அது முழுத்தொகை ஆகாது. அந்த இடைவெளியை அக்கிணற்று நீரைக் குடித்தவர்கள் தங்கள் உடலால் ஈடுகட்டியிருப்பார்கள்.

இதில் குற்றவாளி யார் என்று தேடினால் எவரும் அகப்படுவதில்லை. ஒருவர் கோப்பில் விளக்கம் கேட்டார். ஒருவர் மேலிடத்துக்கு அனுப்பினார். வேறொருவர் அதற்குள் மாற்றலாகிப் போனார். அவரவர் அளவில் எல்லோரும் விதிப்படியே நடந்தனர். அந்த விதிகளை வகுத்தவர் எவரும் ஓகலேயின் கிணற்றில் நீர் இறைக்கவில்லை.

ஓகலே மக்கள் இறுதியில் எண்ணெய் நிறுவனத்தின் மீது லண்டனில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கை அங்கே நடத்தலாமா என்ற ஒரு கேள்வி மட்டும், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2021 பிப்ரவரியில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. அப்போது, உடனே தண்ணீர் தரச்சொன்ன அந்த அறிக்கைக்குப் பத்து வயது ஆகப்போகிறது.