நகையும் அறமும்: ‘இன் ஹரிஹர் நகர்’ திரைப்படம் – ஒரு மறுநோக்கு

நகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறார். எள்ளல், பேதைமை, மடன் ஆகியவற்றோடு இளமையும் அவற்றுள் ஒன்று. நகைப்பிற்குக் காரணமாகும் இளமை, பிழையைப் பொறுத்தற்கும் காரணமாகுமா என்பது அறவியல் வினா. பழைய நகைச்சுவைப் படங்களை மீண்டும் காணுங்கால் இவ்வினா எழுகிறது.

கொச்சி கலாபவனில் பலகுரல் கலைஞர்களாக விளங்கிய சித்திக், லால் ஆகிய இருவரும் இணைந்து இயக்கிய மலையாளப் படம் ‘இன் ஹரிஹர் நகர்’ (1990). இது ‘எம்.ஜி.ஆர். நகரில்’ (1991) எனத் தமிழிலும் மறுவாக்கம் பெற்றது. இளைஞர் நால்வர், அண்டை வீட்டிற்கு வந்த மாயா என்னும் பெண்ணைக் கவரப் போட்டியிடுகின்றனர்; அதன்பொருட்டுப் பொய்யும் புனைகின்றனர்.

எள்ளல் இருவகைப்படும் என்பது பேராசிரியர் உரையால் பெறப்படும். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுதல் மற்றொன்று. இப்படத்தில் நகைப்பிற்கு இலக்காவோர் பெரும்பாலும் அந்நால்வரே. ஜகதீஷ் ஏற்ற அப்புக்குட்டன் பாத்திரம் தன் பேதைமையாலேயே நிலைபெற்றது. இவ்வகையில் படத்தின் நகை பழுதற்றது எனலாம். ஆயின், பெண்ணின் விருப்பமின்மை இங்கு விளையாட்டின் ஒரு படியாக மட்டுமே கொள்ளப்படுகிறது. பின்தொடரப்படுபவளின் அச்சம் நகைக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. அவ்வச்சத்தைத் தமிழகம் 1998இல் சட்டத்தால் ஏற்க வேண்டியதாயிற்று.

இன்றைய அளவுகோலால் அன்றைய படைப்பை அளத்தல் முறையோ எனச் சிலர் வினவலாம். விளையாட்டிலும் இகழ்ச்சி துன்பம் தரும் என்பது வள்ளுவர் ‘பண்புடைமை’ அதிகாரத்தில் உணர்த்தும் கருத்து. எனவே இவ்வளவுகோல் இன்று தோன்றியதன்று. அன்றும் இருந்தது, பயன்படுத்தப்படவில்லை என்பதே பொருந்தும்.

லால் தனித்து இயக்கிய ‘டூ ஹரிஹர் நகர்’ (2009) இவ்வினாவிற்குத் தானே விடை தருகிறது. நடுவயதெய்திய அந்நால்வரும், அவருள் மணமானவரும் உட்பட, மீண்டும் ஒரு பெண்ணைச் சூழ்கின்றனர். செயல் மாறவில்லை, இளமை மட்டும் நீங்கியுள்ளது. இளமையே காரணமாயின், அது நீங்கியபின் செயலும் நீங்கியிருத்தல் வேண்டும்.

ஆகவே, பழைய நகையை முற்றும் விலக்குதலும் முற்றும் ஏற்றலும் ஒருசேரப் பிழையாம். நால்வரின் பேதைமை கண்டு இன்றும் நகலாம். மாயாவின் இடத்தில் நின்று நோக்கியபின் எஞ்சும் நகையே அறத்தொடு பொருந்தியதாகும்.