எச்சமும் இரக்கமும்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டது. குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தின் கடைக்கூறாகிய இந்நாள்களில் நம் பக்கத்தில் இலைகள் உதிர்வதில்லை, ஏரிகள் நிரம்புகின்றன. பழந்தமிழர் இப்பருவத்தைக் கூதிர் என்றனர். மதுராந்தகம் வட்டத்தில், வேடந்தாங்கலுக்கு அணித்தான சிற்றூர் ஒன்றில், பணி ஓய்வு பெற்று நாம் கழிக்கும் வாழ்வில் இதுவே நல்ல பருவம். காலையில் ஏரிக்கரைமீது கலங்கல் வரை நடை; திரும்பும் வழியில் மதகடியில் நம்மையொத்த முதியவர் இருவர் மூவருடன் பேச்சு; பின்னர் நாளிதழ், உணவு, சிறு துயில்; மாலையில் மீண்டும் கரை. இவ்வளவே நம் அன்றாடம்.

இப்பருவத்தில் இன்னொரு கடமையும் உண்டு. மத்திய அரசுத் துறைகளில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் தாம் உயிருடன் இருப்பதற்குச் சான்று அளித்தல் வேண்டும். இரயில்வேயில் எழுத்தராக இருந்து 2009ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற நாமும் வங்கிக்குச் சென்று கைரேகை வைத்தோம். கருவி மூன்று முறை நம்மை ஏற்க மறுத்தது. விரலை நன்கு துடைத்து வைத்த பின், நான்காம் முறை, உயிருள்ளவர் என்று ஒப்புக்கொண்டது. உடன் வந்த மகன், "நல்லவேளை அப்பா" என்று சிரித்தான். அவன் நல்ல பிள்ளை. குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. எனினும் பேருந்தில் திரும்பும்போது ஓர் ஐயம் நெஞ்சில் வந்து அமர்ந்துகொண்டது. வீட்டார் நம்மைப் பேணுவது நமக்காகவா, மாதக் கடைசியில் வரும் தொகைக்காகவா?

அவ்வாரமே வேடந்தாங்கல் சென்றிருந்தோம். ஏறத்தாழ 74 ஏக்கர் பரப்புள்ள சிறிய ஏரி அது. நீருள் நிற்கும் கடம்ப மரங்களின்மீது நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் இடம் பிடித்துக்கொண்டிருந்தன. அரிவாள்மூக்கன் ஒன்று நீண்ட குச்சியைக் கவ்விக்கொண்டு மூன்று மரங்களைச் சுற்றி வந்து, ஓரிடமும் ஒப்பாமல், கடைசியில் குச்சியையே நீரில் நழுவவிட்டது. புது மனைக்கு நாம் அலைந்த அலைச்சல் நினைவுக்கு வந்தது.

அவ்வூர் வரலாறு அன்பர்கள் பலர் அறிந்ததே. ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர்; பறவைகளைக் காக்கும் அவர்தம் உரிமை 1798ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. அரசு அதனைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது 1936இல்தான். பன்னாட்டு முதன்மை வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் அது சேர்ந்தது 2022இல். ஆனால் ஊரார் ஏன் காத்தனர்? பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்தால் நெல் செழிக்கிறது. இதனை ஊராரே ஒளிவின்றிச் சொல்கின்றனர்.

மறுநாள் மதகடியில் இதனைச் சொன்னபோது, நண்பராகிய முன்னாள் தலைமையாசிரியர், "அப்படியானால் அதற்கு இரக்கம் என்று பெயரிடாதீர். எருவுக்கு நடந்த வாணிகம்" என்றார். அவர் எதையும் ஒரே வரியில் முடித்துவிடுபவர். நமக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. அவர் சொல் பறவைகளோடு நில்லாமல் நம் வீட்டு வாயில் வரை வந்துவிட்டதே காரணம்.

பல நாள் எண்ணிப் பார்த்தோம். பருவமழை பொய்க்கும் ஆண்டுகள் உண்டு. 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை எவ்வளவு குறைந்தது என்பதை இப்பக்கத்து உழவர் மறந்திருக்கமாட்டார்கள். ஏரியில் நீர் நில்லாத ஆண்டில் பறவைகள் கூடு கட்டுவதில்லை. எச்சமும் இல்லை, எருவும் இல்லை. வறண்ட ஏரியின் நடுவே மரங்கள் மட்டும் நிற்கும். விறகுக்கு முட்டுப்பாடான காலத்தில் அவற்றின்மேல் எத்தனை கண்கள் விழுந்திருக்கும்! இப்போது சட்டம் காக்கிறது என்று சொல்லலாம். சட்டம் வருவதற்கு முந்திய நூற்றாண்டில் எத்தனை வறட்சிகள் வந்து போயின! அத்தனைக்கும் பின்னர் பறவைகள் திரும்பி வந்து தங்கினவென்றால், பயன் தராத ஆண்டுகளிலும் யாரோ கோடரியைக் கீழே வைத்திருக்கின்றனர். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடியாமல் இருக்கிறார்கள். அங்குள்ள சிறுவன் எந்த எருவைக் கணக்கிட்டு மத்தாப்போடு மனநிறைவு கொள்கிறான்?

ஆதலின் பயன் கருதித் தொடங்கிய பரிவைப் பொய் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. பயன் நின்ற ஆண்டில் அதற்கு என்ன நேர்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னோம். அவர் தலையசைத்தார். ஆனால் இதனைச் சொல்லத் தகுதி உண்டா என்று நம்மையே கேட்டுக்கொண்டபோது, நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாக யாரிடமும் பேசாத ஒன்று எழுந்து நின்றது.

நம் வீட்டில் செவலை எருது ஒன்று இருந்தது. பதினொரு ஆண்டுகள் உழுதது, கவலை இறைத்தது. கிணற்றுக்கு மின்மோட்டார் வந்தது. எருதுக்கும் வயதாயிற்று. 1976ஆம் ஆண்டில் விடுப்பில் வந்திருந்த நாம்தான் அதனைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றோம். தந்தையார் உடன் வரவில்லை. உடல் நலமில்லை என்றார். தரகர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார். "உழவுக்குத்தானே?" என்று கேட்டோம். "உழவுக்குத்தான் தம்பி" என்றார். தேய்ந்த பல்லுள்ள எருதை உழவுக்கு யார் வாங்குவார்? கொல்லாமையைக் குடிவழி அறமாகக் கொண்ட வீட்டில் பிறந்த நமக்கு அது தெரியாதா? தெரிந்தே கேட்டோம், அந்த விடையைப் பெறுவதற்காகவே கேட்டோம். பெற்ற தொகை இன்றும் நினைவில் உள்ளது. அதனை இங்கே எழுதக் கை வரவில்லை. கழுத்து மணியை மட்டும் அவிழ்த்துக் கொண்டுவந்தோம். தந்தையார் அதனை வாங்கி மாடத்தில் வைத்தார். விலை எவ்வளவு என்று அவர் கேட்கவேயில்லை.

வைக்கோல் அப்போது நம் வீட்டில் குறைவின்றி இருந்தது. இன்னும் மூன்று நான்கு ஆண்டு அது கொட்டிலில் நின்றிருந்தால் நமக்கு என்ன இழப்பு நேர்ந்திருக்கும்?

மகன் நம்மை எதற்காகப் பேணுகிறான் என்ற ஐயம் அவன் நடத்தையிலிருந்து பிறந்ததன்று என்பது இப்போது விளங்குகிறது. நாம் ஓட்டிச் சென்ற எருதிலிருந்து பிறந்தது அது. நம் அளவுகோலை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் அளப்பானோ என்று அஞ்சியிருக்கிறோம்.

நேற்று மாலை கரையில் நெடுநேரம் இருந்துவிட்டோம். வயல்களில் நத்தை பொறுக்கிய நாரைகள் வரிசை வரிசையாக வேடந்தாங்கல் நோக்கிப் பறந்தன. பின்னர்த் தூறல் தொடங்கியது, இருட்டிவிட்டது. கரைமேல் ஒரு கைவிளக்கு ஆடி ஆடி வந்தது. பேரன். ஒரு குடையைப் பிடித்து, இன்னொன்றை அக்குளில் இடுக்கியிருந்தான். "வழுக்குது தாத்தா, என் கையைப் பிடிச்சுக்குங்க" என்றான். மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எதற்காக வந்தாய் என்று நாம் கேட்கவில்லை.