உண்பதும் அழிப்பதும்

குற்றம் என்பது செயலைச் சார்ந்ததா, அறிவைச் சார்ந்ததா? அறநூல் கற்போர்க்கு இவ்வினா புதியதன்று. ஆயினும், ஏட்டில் வைத்து ஆராய்வதினும் ஆற்றங்கரையில் வைத்து ஆராயுங்கால் அதன் கூர்மை மிகுதியாகப் புலப்படும்.

வட அமெரிக்க ஆறுகளில் மஸ்க்ராட் எனப்படும் நீரெலி வாழ்கின்றது. நீர்ப்புற்களும் கோரைகளுமே அதன் முதன்மை உணவு. எனினும், ஆற்றின் அடியில் கிடக்கும் நன்னீர் மட்டிகளையும் அது எடுத்துண்ணும்; உண்டபின் ஓடுகளைக் கரையோரத்தில் ஓரிடத்திலேயே குவித்துவிடும். வர்ஜீனியா மாநிலத்தின் வட ஹோல்ஸ்டன் ஆற்றில் அத்தகைய குவியல்களை ஆராய்ந்தோர், அருகி வரும் மட்டியினங்களின் ஓடுகளும் அவற்றுள் இருக்கக் கண்டனர். அவ்வினங்கள் மீண்டும் பெருகுவதற்கு நீரெலி தடையாகலாம் என 1989ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறிற்று. அதனைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை, ஓடுகளே சான்று.

ஆனால், அதே ஆற்றின் கரையில் சால்ட்வில் என்றோர் ஊர் உண்டு. அங்கு 1972 வரை இயங்கிய இரசாயன ஆலையின் கழிவு, ஊருக்குக் கீழே நெடுந்தொலைவுக்கு மட்டிகளே இல்லாத நிலையை உண்டாக்கியது. பாதரசமும் நீரிற் கலந்தது. நீரெலி ஒவ்வொன்றாகத் தின்றது. தின்றதன் கணக்கையும் கரையில் விட்டுச் சென்றது. ஆலையோ எந்தக் குவியலையும் வைத்துச் செல்லவில்லை. வகுப்பறையில் கையில் மைக்கறை படிந்த சிறுவனே முதலில் பிடிபடுவான். மைக்கூட்டைத் தள்ளியவன் அமைதியாகப் பாடம் படித்துக்கொண்டிருப்பான். ஆசிரியர்கள் அறியாததன்று இது.

மட்டியைத் தொடாமலேயே மட்டியினத்தை ஒழித்துவிட முடியும் என்பதையும் ஈண்டு எண்ணுதல் வேண்டும். நன்னீர் மட்டியின் குஞ்சு, மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில காலம் ஒட்டி வாழ்ந்த பின்னரே ஆற்றடிக்கு இறங்கும். அணை கட்டி மீனின் வழியை மறித்தால் போதும். மட்டியின் வழித்தோன்றல் நின்றுபோகும். 2023ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, அழிந்தொழிந்தவை என அறிவித்த 21 உயிரினங்களுள் 8 நன்னீர் மட்டிகள். நீரெலியும் மட்டியும் அந்நாட்டு ஆறுகளில் பன்னெடுங்காலம் ஒருங்கே வாழ்ந்தவை என்பதை நினைந்தால், இடையில் புகுந்தது யாது என்று கேட்கத் தோன்றும் அன்றோ?

நம் சங்கப் புலவர் இதனை வேறொரு நோக்கில் கண்டிருந்தனர். மருதத்திணைப் பாடல்களில் நீர்நாய் வாளை மீனை நாள்தோறும் இரையாகப் பெறும் காட்சி வருகின்றது. ஐங்குறுநூற்றுத் தலைவி புலவு நாறும் அந்நீர்நாயைச் சுட்டுகின்றாள். ஆனால், அவள் சினம் விலங்கின்மேல் இல்லை. பரத்தையிடம் சென்று மீண்ட தலைவனே உள்ளுறையால் பழிக்கப்படுகின்றான். இரை தேடுவது நீர்நாயின் இயல்பு. நெறி பிறழ்ந்தது, நெறி அறிந்த மனிதன்.

ஜொகூரின் ஆறுகளிலும் அலையாத்திக் காடுகளிலும் அந்நீர்நாய்கள் இன்றும் உள. அவற்றுள் சிறுநகம் உடைய ஓரினம் நண்டையும் நத்தையையும் மட்டியையும் உண்டு வாழ்வது. மீன் வளர்ப்போர்க்கு நீர்நாயின்மேல் சினம் எழுதல் இயல்பே. ஆயின், 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் வட்டாரத்துக் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியது நீர்நாயன்று. அந்நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினர்; முதலில் மூச்சுத் திணறியோர் பள்ளிப் பிள்ளைகள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஜொகூர் மக்களும் சிங்கப்பூர் மக்களும் அருந்தும் ஜொகூர் ஆற்று நீரிலும் அம்மோனியா மிகுந்து, நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்ட நாள்கள் உண்டு. தன் வாழ்நாளெல்லாம் நீரை உள்வாங்கி வடிகட்டி வெளிவிடும் மட்டிக்கு அங்ஙனம் நிறுத்திவைக்கும் வசதி இல்லை.

இனி ஒரு மறுப்பு எழலாம். குற்றம் யாருடையதாயினும், எஞ்சியிருப்பவை சில மட்டிகளே எனில், அவற்றைக் காக்க நீரெலியைப் பொறிவைத்துப் பிடிப்பது தகாதா? தகும் என்றே கூறவேண்டும். ஓரினத்தின் கடைசி உயிர்கள் முன்னே கிடக்கும்போது, வேரை ஆராய்ந்து முடிக்கும்வரை காத்திருப்பது அறமாகாது. ஆனால், அது தண்டனை அன்று. நாம் ஆக்கிய இக்கட்டுக்கு நீரெலி செலுத்தும் கடன். அவ்வாறு கருதுவோன் பொறியை வைத்த கையோடு ஆலையின் கழிவுக் குழாயையும் சென்று பார்ப்பான். தண்டனை என்று கருதுவோனோ, பொறியில் எலி விழுந்ததும் வழக்கு முடிந்ததென்று வீடு திரும்புவான்.

சால்ட்வில் ஆலை மூடப்பட்டபின், வேறிடத்து மட்டிகளைக் கொணர்ந்து அவ்வாற்றில் மீண்டும் இட்டுவைக்கும் முயற்சிகள் நடந்தன. நீரெலிகள் அங்கே இருப்பதை அறிந்தே இட்டனர்.