கை காயும் வரை

சாப்பிட்ட கை காயக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கடைசிக் கவளம் உள்ளே போனதும் எழுந்துவிட வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், "கை காயுது பாரு, எழுந்து கழுவு" என்று அம்மாவின் குரல் அடுக்களையிலிருந்து வரும். அப்படி வளர்ந்தவன், ஐம்பது வயதுக்கு மேல் நேப்பிள்ஸில் ஒரு சின்ன பீட்சா கடையில் போய் மாட்டிக்கொண்டேன்.

மகள் அங்கே படிக்கிறாள். அவள் இருப்பது சனித்தா என்ற பழைய பேட்டை. சந்துக்கு மேலே துணிகள் காயும். மாடியிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கும். கீழே கடைக்காரர் தக்காளியைப் போட்டதும் மேலே போய்விடும். தெருமுனையில் அவள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் எட்டே மேசைகள். நுழைந்ததுமே எதிரில் அடுப்பு. செங்கல்லால் கட்டிய குவிமாடம். உள்ளே ஒரு ஓரமாக ஓக் கட்டை எரிகிறது. தீநாக்கு கூரையைத் தடவிக்கொண்டு வளைகிறது.

அடுப்படியில் நின்றவர் மாவு உருண்டையை விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி விரித்தார். பூரிக்கட்டை வேலையே இல்லை. உருட்டினால் மாவுக்குள் இருக்கும் காற்று போய்விடும், ஓரம் உப்பாது. மேலே தக்காளி, மொசரெல்லா, இரண்டு பேசில் இலை, ஒரு சுற்று ஆலிவ் எண்ணெய். நீளக் காம்பு வைத்த தட்டைக் கரண்டியில் உள்ளே தள்ளினார், இரண்டு தடவை திருப்பினார், வெளியே எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். எண்பது விநாடி! நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் பதிவு செய்த விதிமுறையும் அதைத்தான் சொல்கிறது: 485 பாகை செல்சியஸ் சூடு, 60 முதல் 90 விநாடி. அதற்கு மேல் விட்டால் ஓரம் வறண்டு அப்பளமாகிவிடும். 2017இல் இந்தக் கைவேலையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது.

கால் மணி நேரத்தில் சாப்பிட்டு முடித்தோம். எனக்குள் இருந்த அம்மா எழுந்திருக்கச் சொன்னாள். பில் வரவில்லை. பரிமாறுபவர் மூன்று தடவை எங்களைக் கடந்து போனார். மூன்று தடவையும் சிரித்தார். பில் மட்டும் வரவில்லை. பக்கத்து மேசையில் ஒரு முதிய தம்பதி காலித் தம்ளர்களுக்கு முன்னால் உட்கார்ந்து நிதானமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் ஏறியது. "வெளியூர்க்காரன்னா இவ்வளவு அலட்சியமா?" என்றேன்.

மகள் அதுவரை என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்பா, இங்க பில்லை நாமதான் கேக்கணும். கேக்காம அவங்களா கொண்டுவந்து வச்சா, 'எழுந்து போ'ன்னு சொன்ன மாதிரி."

கேட்டதும் வந்துவிட்டது. அதில் 'கோப்பெர்தோ' என்று தலைக்கு 2 யூரோ போட்டிருந்தார்கள். மேசையில் உட்கார்ந்ததற்கான காசாம். "உக்காந்ததுக்குமா?" என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். இடத்துக்குக் காசு கொடுத்தாயிற்று, உட்காரத்தான் தெரியவில்லை.

நம் ஊரில் உட்கார விடுவார்களா என்ன? கல்யாணப் பந்தியில் நாம் சாம்பாரில் இருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் பின்னால் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் பாயசம் எப்படி இறங்கும்? மத்தியான ஓட்டலில், "வேற ஏதாவது சார்?" என்ற கேள்வியோடு பில்லும் சேர்ந்தே வரும்.

அன்றிரவு படுத்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் பிசைந்த மாவு ஏழெட்டு மணி நேரம் சும்மா கிடந்து, நம் இட்லி மாவு போலவே, தானாகப் பொங்கியிருக்கிறது. செங்கல்லில் மணிக்கணக்கில் சூடு சேர்ந்திருக்கிறது. சாப்பிட்டவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் அவசரப்பட்டது நெருப்பு மட்டும்தான், அதுவும் எண்பது விநாடி. எங்கள் வீட்டிலோ குக்கர், மிக்ஸி, கேஸ் அடுப்பு எல்லாமே நேரத்தை மிச்சப்படுத்தித் தருகின்றன. மிச்சமான நேரத்தை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு அறைக்குள் போய்க் கைபேசியைத் திறக்கிறோம்.

அவர்களுக்கு வாழத் தெரியும், நமக்குத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. அம்மாவின் சட்டம் இலையை விட்டு எழுந்திருக்கத்தான் சொன்னது, கலைந்து போகச் சொல்லவில்லை. தாத்தா காலத்தில் கை கழுவிய எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம் திண்ணை. அங்கே வெற்றிலைத் தட்டு இருக்கும், எதிர்வீட்டுக்காரர் இருப்பார். வெற்றிலை தீர்ந்தாலும் பேச்சு தீராது. யாரும் யாரையும் எழுப்பியதில்லை. பிறகு வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று திண்ணையை இடித்தோம். இடித்தவன் நான்தான். எழுந்திரு என்ற பாதிச் சட்டம் வீட்டில் தங்கிவிட்டது. உட்கார் என்ற மறுபாதி திண்ணையோடு போய்விட்டது.

ஊர் திரும்பியதும் ஒரு பழக்கம் ஆரம்பித்திருக்கிறோம். சாப்பிட்டதும் அம்மா சொல்கிறபடி உடனே எழுந்து கை கழுவுகிறோம். பிறகு அதே மேசைக்குத் திரும்பி வருகிறோம். கைபேசிகள் வேறு அறையில். முதல் இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பில்லுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தோம். மூன்றாம் நாள் அம்மா, ஐந்தாம் வகுப்பில் பள்ளி நாடகத்தில் தான் ராஜா வேஷம் கட்டியதையும், அட்டைக் கிரீடம் கண்ணை மறைத்து மேடையிலிருந்து விழுந்ததையும் சொன்னாள்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இந்தக் கதையை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.